வெந்நியும் வெண்ணெயும்

சென்ற மாதம் எங்கள் மயூர் விஹார் தமிழ் வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து நின்றார். "சார், ஜூலையில் ஆரம்பித்த புத்தகம். இருபது பாடம். ஜனவரி வந்துவிட்டது, இன்னும் ஒன்பதிலேயே நிற்கிறீர்கள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து விளையாடிவிட்டுப் போகிறார்கள். இதற்கா நான் நொய்டாவிலிருந்து பெட்ரோல் செலவழித்துக்கொண்டு வருகிறேன்?" என்று கேட்டார்.

அவர் சொன்ன இரண்டும் உண்மை. ஒன்பதாம் பாடத்தில்தான் நிற்கிறோம். பிள்ளைகள் விளையாடத்தான் செய்கிறார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு பழகியவன். தண்டவாளம் எதிர்க்கேள்வி கேட்காது. அன்று சொல்ல வேண்டியதை இன்று எழுதுகிறேன். அந்த அன்பரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மொழி ஆசிரியன் அல்லன். லால்குடிப் பக்கத்துக்காரன்; சிவில் டிப்ளமோ படித்தவன். 1982-ல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ., அதாவது பாதையைப் பராமரிக்கும் இன்ஸ்பெக்டர், வேலை கிடைத்து வடக்கே வந்தேன். காஜியாபாத், பானிபட், துக்ளகாபாத் என்று சுற்றி 2020-ல் ஓய்வு பெற்றேன். கொரோனா அடங்கிய பிறகு, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்றார்கள் என்பதற்காக வகுப்பில் வந்து உட்கார்ந்தவன். ஆனால் சொல் மறந்துபோவது என்றால் என்ன என்பது எனக்கு அதற்கு வெகு முன்பே தெரியும். என் வீட்டிலேயே பார்த்தேன்.

1998 ஜனவரி. அப்பா காலமாகி, அம்மா எங்களோடு தில்லிக்கு வந்துவிட்ட முதல் குளிர்காலம். ரயில்வே குவார்ட்டர்ஸில் வெயில் எட்டிப் பார்க்காத அறை. என் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா போர்வைக்குள் இருந்தபடியே, "கண்ணு, கொஞ்சம் வெந்நி கொண்டாடா" என்றாள். பையன் ஓடிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து வெண்ணெய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினான். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

அன்று இரவு ஏதோ தேடும்போது அவனுடைய பழைய தமிழ் நோட்டு கையில் கிடைத்தது. காலனியில் நடந்த ஞாயிறு வகுப்புக்கு நான்கு வருஷம் போனவன் அவன். அந்த நோட்டில் வெந்நீர், வெண்ணெய் இரண்டுமே இருந்தன. ஒவ்வொன்றும் பத்து முறை, அழகான கையெழுத்தில். கீழே சிவப்பு மையில் "நன்று". தேதி பார்த்தேன், இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அந்தப் பக்கத்தைத் திருப்பிய பிறகு யாரும் அவனிடம் அந்தச் சொற்களை மறுபடி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் அவனோடு பாதி இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு மாதத்துக்குள் அம்மா "கரம் பானி" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சொல்லிக் கொடுத்தது. "அப்பாயிக்கு இந்தி வந்துடுச்சு!" என்று பையன் குதித்தான். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. எழுபத்தொரு வயதில் என் அம்மா, சொந்தப் பேரனோடு பேசுவதற்காக இன்னொரு பாஷை கற்றுக்கொண்டாள் என்பது எனக்கு உறைத்தது பிறகுதான். ஆறு வருஷம் எங்களோடு இருந்தாள். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே புழங்கியது முப்பது இந்திச் சொல் இருக்கும்: சாப்பாடு, தண்ணீர், மருந்து, வா, போ. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த கதை, தாத்தா மாடு வாங்கப் போய் ஏமாந்த கதை எல்லாம் என்னோடு நின்றுவிட்டன.

பையன் மேல் குற்றமில்லை. சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்துச் சொல்லிக் கொடுத்தவர் மேலும் குற்றமில்லை. முறையில்தான் கோளாறு. அதே முறைதான் இன்றும் நம்முடைய பல வகுப்புகளில் நடக்கிறது. வாரம் ஒரு பாடம், பாடத்துக்குப் பன்னிரண்டு புதுச் சொல், பத்து முறை எழுது, அடுத்த பாடம். கற்ற சொல்லை மறுபடி வரவழைப்பதற்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைவு. ஒதுக்கினால் "விளையாட்டு" என்று பெயர் வாங்க வேண்டியிருக்கிறது.

மறதிக்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நழுவுகிறது என்று தம்மையே அளந்துகொண்ட மனிதர். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். பொருளுள்ள சொற்கள் இத்தனை வேகமாக ஓடிவிடா என்பது சரிதான். ஆனால் அவர் கண்ட போக்கு பொதுவானது: நழுவுவதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு முறை பிடித்து இழுத்து வைத்தால் அடுத்த முறை மெதுவாக நழுவும். நம் வகுப்போ ஞாயிற்றுக்கு ஞாயிறு. நடுவில் ஆறு நாள் பள்ளிக்கூடம், இந்தி, ஆங்கிலம், மூன்றாம் மொழியாகப் பலருக்கு சம்ஸ்கிருதம். தமிழ்ச் சொல் எங்கே நிற்கும்?

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ரயில்வே எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. எனக்குத்தான் அது தமிழ் வகுப்புக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. ஒரு எஞ்சின் டிரைவர் இருபது வருஷ அனுபவசாலியாக இருக்கட்டும். ஒரு செக்‌ஷனில் மூன்று மாதத்துக்கு மேல் வண்டி ஓட்டவில்லை என்றால், அவரை அந்தப் பாதையில் தனியாக விடமாட்டார்கள். பாதை தெரிந்த இன்னொருவரோடு மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இடைவெளி ஆறு மாதம் தாண்டினால் இரண்டு நடை, இரண்டு வருஷம் தாண்டினால் மூன்று நடை. "எனக்குத் தெரியும் சார்" என்பதெல்லாம் செல்லாது. தெரிந்தது மறக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, மறப்பதற்கு முன் பார்க்க வைக்கிற விதி இது.

இன்னொன்றும் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவரும் உதவி டிரைவரும் அதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவரும் பார்த்தாயிற்றே, வாயால் வேறு எதற்கு? கண்ணால் பார்த்துத் தலையாட்டுவது வேறு, உள்ளேயிருந்து சொல்லை எடுத்து வாயால் சொல்வது வேறு என்பதற்காகத்தான்.

இந்த இரண்டாவது விஷயத்தை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இருவர் 2008-ல் "சயன்ஸ்" இதழில் எழுதிய ஆய்வு அது. மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன சொல்லைச் சிலர் மறுபடி மறுபடி படித்தார்கள். சிலரிடம் அதே சொல்லை மறுபடி மறுபடி கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு 80 அளவில் நினைவிருந்தது. படிக்க மட்டும் செய்தவர்களுக்கு ஏறக்குறைய 35. இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு: உனக்கு எத்தனை நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லோருமே பாதி என்றுதான் சொன்னார்களாம். எது பயன்படுகிறது என்பது படிக்கிறவனுக்கே தெரிவதில்லை. பத்து முறை எழுதியவனுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கிறது. "நன்று" போட்டவருக்கும் அப்படியே.

ஆகவே எங்கள் வகுப்பில் தொண்ணூறு நிமிஷத்தில் நாற்பது நிமிஷம் பழைய சொற்களுக்கு. நடக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்ற பகுதிகளில் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்குப் பயன்படலாம்.

செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு நூலில், அட்டைகளைப் பெட்டிகளில் போட்டுச் சொல் பழகும் முறை ஒன்றைச் சொன்னார். அதை நான் தண்டவாளத்தில் ஏற்றினேன். ஐந்து செருப்புப் பெட்டிகள்: புது தில்லி, ஆக்ரா, போபால், நாக்பூர், விஜயவாடா. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போகும் வழி. கடைசியில் சென்னை சென்ட்ரல். அதற்குப் பெட்டி இல்லை, ஒரு கெட்டி அட்டை நோட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டாக வெட்டி, ஒரு பக்கம் படம் அல்லது ஒரு சொல் விடுபட்ட வாக்கியம், மறுபக்கம் தமிழ்ச் சொல். புதுச் சொல் புது தில்லியில் ஏறும். அடுத்த வாரம் கேட்போம். சொல்லிவிட்டால் ஆக்ரா. ஆக்ராவில் இருப்பதை இரண்டு வாரம் கழித்து, போபாலில் நான்கு வாரம், நாக்பூரில் எட்டு, விஜயவாடாவில் பதினாறு. எந்த ஸ்டேஷனில் தவறினாலும் மறுபடி புது தில்லிக்கே திரும்ப வேண்டும். அப்போது பிள்ளைகள் "சங்கிலி இழுத்துட்டான்!" என்று கத்துவார்கள். பக்கத்து ஃபிளாட்காரர் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கும் தவறாமல் போனால் ஒரு சொல் சென்னை சேர 31 வாரம். ஜூலையில் ஏறிய சொல் பிப்ரவரியில்தான் சேரும். நம் ராஜதானிகளைவிட மெதுவான வண்டி. ஆனால் சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டாமா?

குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு பேருக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு ரயில் என்று வைத்திருந்தேன். ஒருவன் சொல்லுவான், மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். சீட்டு ஆக்ரா போய்விடும், மூன்று தலைகள் புது தில்லியிலேயே நிற்கும். இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது எல்லோரும் முதலில் சிலேட்டில் எழுத வேண்டும், பிறகு ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். நால்வரில் ஒருவர் தவறினாலும் சங்கிலிதான்.

என்னுடைய பெரிய தவறு காய்கறி வாரம். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் மூன்றையும் ஒரே நாளில், மண்டியிலிருந்து நிஜக் காய்களையே வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் பச்சை, எல்லாம் நீளம், எல்லாம் "காய்" என்று முடிகிறவை. அடுத்த வாரம் ஒருவர் விடாமல் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். லௌகி, தோரி, சிச்சிண்டா என்று இந்தியில் தடுமாறாத பிள்ளைகள். வகை வகையாகச் சேர்த்துக் கற்பிப்பதுதான் ஒழுங்கு என்று நாமெல்லாம் நினைக்கிறோம். பாடநூல்களும் அப்படித்தான், ஒரு பக்கம் நிறங்கள், ஒரு பக்கம் உறவுமுறைகள். ஆனால் ஒரே இனத்துச் சொற்களைப் புதிதாக ஒன்றாய்க் கற்றால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று தாமஸ் டிங்காம் என்ற ஆய்வாளர் 1993-லேயே சோதித்து எழுதியிருக்கிறார். புதிதாய்க் கற்கும்போது சுரைக்காயோடு குடையையும் தபால்காரரையும் சேருங்கள். காய்களை ஒன்றுகூட்டுவது எல்லாம் போபால் தாண்டிய பிறகு.

தில்லிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இதை வேறு ஊரார் நம்பமாட்டார்கள். "நேற்று", "நாளை" இரண்டும் இவர்களுக்கு நிற்பதே இல்லை. நான்கு முறை, ஐந்து முறை சங்கிலி இழுபட்ட சீட்டுகள். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது: இந்தியில் இரண்டுக்கும் "கல்" என்ற ஒரே சொல்தான், போனதா வருவதா என்பதை வினைச்சொல்தான் காட்டும். ஒரு பெட்டியில் இருந்ததை இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்கிறோம். இரண்டு சீட்டையும் கீழே இறக்கிவிட்டு "நாளை"யை மட்டும் தனியாக ஏற்றினேன். அது நாக்பூர் சேர்ந்த பிறகுதான் "நேற்று"க்கு டிக்கெட் கொடுத்தேன். இப்போது இரண்டும் ஒழுங்காகப் போகின்றன.

பெட்டியோடு மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். அதனால் வாரம் ஒரு மாற்று. தில்லியில் தம்போலா தெரியாத வீடு கிடையாது. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் சொற்களை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: கூப்பிடுகிறவர் அந்தச் சொல்லையே கூப்பிடக் கூடாது. "குடை" என்று கூப்பிட்டு "குடை"யை அடித்தால் காதுக்கும் கண்ணுக்கும் வேலை, ஞாபகத்துக்கு வேலை இல்லை. "மழை வந்தால் விரிப்போம்" என்று கூப்பிட வேண்டும். தட்டில் பத்துப் பொருள் வைத்து, துணியால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு எது காணோம் என்று கேட்பதும் நடக்கும். கிப்ளிங்கின் "கிம்" நாவலில் (1901) சிம்லாவில் ஒரு கடையில் அந்தப் பையனைப் பழக்குவார்களே, அந்த விளையாட்டு. பத்துப் பொருளில் ஒன்றைச் சொல்வதற்குள் பத்தின் பெயரும் மனத்துக்குள் ஓட வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு "குனி, நிமிர், திரும்பு, தாண்டு" என்று சொல்லச் சொல்லச் செய்கிற ஆட்டம் போதும். நின்றுகொண்டே ஆடலாம், குளிருக்கும் நல்லது.

அந்தாக்ஷரி மாதிரி சொற்சங்கிலி வைத்துப் பார்த்தேன். நம் மொழியில் அது முட்டிக்கொண்டு நிற்கிறது. "தேள்" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்தவன் எதைக் கொண்டு ஆரம்பிப்பான்? ள, ழ, ண, ற இவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காதே. அப்படி முடித்தவர்களே அபராதமாக ஒரு பழைய சொல்லை வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று விதி போட்டேன். இப்போது வேண்டுமென்றே "வாள்", "மீன்", "பழம்" என்று எந்தெந்தச் சொல் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டு ஆடுகிறார்கள். மொழியின் முதலெழுத்து விதி, யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடிபட்டுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது விடுகதை. பழைய விடுகதை அல்ல, அவர்களே கட்டுவது. பழைய சொல் ஒன்றைச் சீட்டில் எடுத்துக்கொண்டு, அதன் பெயரைச் சொல்லாமல் மற்றவர்கள் கண்டுபிடிக்கும்படி ஒரு வரி. "ராத்திரி வந்து தில்லியை மூடும், பத்து மணிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிடும்" என்றான் பத்து வயதுப் பையன் ஒருவன். மூடுபனி. ஒரு பழைய சொல்லை வரவழைக்க ஐந்தாறு பழைய சொற்களை அவன் கூப்பிட வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் நான் வெளிநாட்டுப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்து, நம்மிடம் ஒன்றுமே இல்லையா என்று சிலர் நினைக்கலாம். உ.வே. சாமிநாதையர் எழுதிய "என் சரித்திரம்" 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. அதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும் இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளைகளுக்குப் பூ, ஊர், மிருகம் என்று ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லி அனுப்புவார்களாம். அதை மறவாமல் வீட்டில் சொல்லி, மறுநாள் வந்து ஒப்பிக்க வேண்டும். எபிங்ஹாஸ் அளந்த அந்த முதல் நாள், மறதி மும்முரமாக இருக்கும் அந்த ஒரே இரவு, அதைத் தாண்டுவதற்கு ஒரு சொல். கூடவே வீட்டுப் பெரியவர்களையும் பள்ளிக்கூடத்துக்குள் இழுத்துவிட்டிருக்கிறார்கள். இதைவிடச் செலவில்லாத ஏற்பாடு எனக்குத் தெரியாது. நாங்களும் செப்டம்பரிலிருந்து செய்கிறோம். ஞாயிறு வகுப்பு முடிந்து போகும்போது வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய சொல். அன்று இரவோ மறுநாளோ ஊரில் இருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ போனில் அதைச் சொல்லி, அதை வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். "திண்ணை" என்று சொல் வாங்கிப் போன ஒரு பெண், "எங்க பாட்டி ஒரு மணி நேரம் பேசினாங்க தாத்தா, அவங்க வீட்டுத் திண்ணையில யாரெல்லாம் தூங்குவாங்கன்னு" என்று வந்து சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

புத்தகச் சொல்லா, பேச்சுச் சொல்லா என்று கேட்கிறார்கள். என் பையன் படித்தது "வெந்நீர்". அவன் காதில் விழுந்தது "வெந்நி". சீட்டின் பின்பக்கம் இப்போது இரண்டையும் எழுதுகிறோம். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரிலேயே, 2005-ல் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கச் சொல்லியது. நமக்கு மட்டும் கௌரவம் எதற்கு?

இனி நொய்டா அன்பரின் கணக்குக்கு வருகிறேன். இருபது பாடம், பாடத்துக்குப் பன்னிரண்டு சொல், ஆக 240. நாங்கள் தொட்டது 108. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் நானே இருபது பாடத்தையும் முடித்தவன். முடித்த பெருமையில் ஏப்ரலில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், ஆரம்பப் பாடங்களிலிருந்து இருபது சொல்லுக்குப் படம் காட்டிப் பெயர் கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாறைத் தாண்டவில்லை. பாலம் கட்டி முடித்துவிட்டோம் என்று ரிப்போர்ட் எழுதிய பிறகு தூண்களில் பாதி ஆற்றோடு போய்விட்டதைப் பார்த்தவன் நிலை என் நிலை. அந்த ரிப்போர்ட்டை இன்னொரு முறை எழுத எனக்கு மனமில்லை. வேகம் குறைந்தது உண்மை. அடுத்த வருஷம் வாரத்துக்குப் பன்னிரண்டு சொல்லுக்குப் பதில் எட்டு என்று வைத்துக்கொண்டால் பாடம் கொஞ்சம் நகரும் என்று நினைக்கிறேன்.

ஆண்டு விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் மேடையேறிப் பத்துக் குறள் சொல்வது எனக்கும் பிடிக்கும். கைதட்டுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதற்காக டிசம்பர் முழுவதும் ஒத்திகை என்றால் ஆக்ரா, போபால் சீட்டுகள் அப்படியே துருப்பிடிக்கின்றன. செயற்குழு இதை யோசிக்க வேண்டும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இன்னும் சின்னது. வாரத்தில் எங்களுக்குத் தொண்ணூறு நிமிஷம். உங்களுக்கு ஏழு நாள். பையன் "அம்மா, பியாஜ்" என்கிறான். நாமும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அல்லது "வெங்காயம்னு சொல்லு" என்று விடையைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். ஐந்து எண்ணும் வரை சும்மா நில்லுங்கள். முகத்தைப் பாருங்கள். அவன் தேடிக்கொண்டிருப்பது தெரியும். வரவில்லை என்றால் முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஐந்து எண்ண எங்கே நேரம் என்று ஓர் அம்மா கேட்டார். நியாயம்தான். இரவு சப்பாத்தி போடும்போது எண்ணலாம்.

என் பையன் இப்போது புனேயில் இருக்கிறான், அவனுக்கு ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. போன தீபாவளிக்கு வந்தபோது மீதியிருந்த கல்யாணப் பத்திரிகைச் சீட்டுகளில் ஒரு கட்டு எடுத்துப் போனான். நானாகக் கொடுக்கவில்லை. "வெந்நி சீட்டு இருக்காப்பா இதுல?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி முதல் ஞாயிறு எங்கள் வகுப்பில் முதல் சீட்டுகள் சென்னை சென்ட்ரல் சேருகின்றன. ஜூலையில் முதல் நாள் ஏறிய பன்னிரண்டில் ஏழு மட்டும் எங்கும் தவறாமல் வருகின்றன. மற்ற ஐந்து வழியில் நிற்கின்றன. காலை பத்து மணிக்கு, குடியிருப்பின் சமூகக் கூடத்தில். விருப்பமுள்ளவர்கள் வந்து பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். நொய்டா அன்பர் அவசியம் வர வேண்டும். வருகிறவர்கள் வீட்டில் காலிச் செருப்புப் பெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள். இந்த மாதம் நான்கு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், இன்னொரு ரயிலுக்கு ஐந்து பெட்டி வேண்டும். மூடியோடு இருந்தால் நல்லது.